கண்டீரவா மைதானத்தை விட்டு பெங்களூரு எஃப்சி வெளியேற வேண்டுமா? கால்பந்து - தடகளப் பூசலின் முழுப் பின்னணி

பெங்களூரு நகரின் மையத்தில், கப்பன் பூங்காவை ஒட்டி அமைந்துள்ளது ஸ்ரீ கண்டீரவா மைதானம். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து அணியான பெங்களூரு எஃப்சிக்கு இதுவே சொந்த மைதானம். கர்நாடகத் தடகள வீரர், வீராங்கனைகளுக்கு முதன்மைப் பயிற்சிக் களமும் இதுவே. இரு தரப்பும் ஒரே புல்தரையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால் எழுந்த பூசல், வீரர்களின் எதிர்ப்பு, அரசுத் துறையின் தயக்கம், உயர் நீதிமன்ற வழக்கு எனப் பல கட்டங்களைக் கடந்துள்ளது.

2019-ஆம் ஆண்டில், நடப்புச் சாம்பியனான பெங்களூரு எஃப்சி தனது ஆட்டங்களை மகாராஷ்டிரத்தின் புணே நகருக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்ற நிலைகூட உருவானது. கால்பந்து அணி அந்த மைதானத்தை விட்டு வெளியேறுவதுதான் தீர்வா, பகிர்வு முறையைச் சீர்செய்தால் போதுமா என்ற கேள்வி இன்றும் எஞ்சியிருக்கிறது.

மைதானம் யாருடையது?

ஸ்ரீ கண்டீரவா மைதானம் கர்நாடக அரசின் இளைஞர் அதிகாரமளித்தல் மற்றும் விளையாட்டுத் துறையின் பொறுப்பில் உள்ளது. பெங்களூரு எஃப்சி அதன் உரிமையாளர் அல்ல. அரசின் அனுமதியுடன் அங்கு ஆடும் ஒரு பயனாளி மட்டுமே.

'கண்டீரவ' என்பது மைசூர் உடையார் மரபில் வழங்கிய பெயர். 1638 முதல் 1659 வரை மைசூரை ஆண்ட கண்டீரவ நரசராஜரும், மைசூரின் கடைசி மன்னரான ஜெயசாமராஜ உடையாரின் தந்தை கண்டீரவ நரசிம்மராஜ உடையாரும் அப்பெயரைத் தாங்கியவர்கள். 1997-இல் கர்நாடகத்தில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது மைதானம் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. சுமார் 25 ஆயிரம் பேர் அமர்ந்து பார்க்கும் வசதி கொண்ட இந்த மைதானத்தின் நடுவே புல்தரையும், அதைச் சுற்றி 400 மீட்டர் செயற்கை இழை ஓடுதளமும் உள்ளன.

மைசூரு, நஞ்சன்கூடு, குடகு போன்ற பகுதிகளில் ஓடியும் எறிந்தும் பழகும் இளையோர், மாநில அளவிலான போட்டிகளுக்கு வரும்போது காலடி வைக்கும் களமாகவும் கண்டீரவா விளங்குகிறது. ஆகவே இப்பூசலைப் பெங்களூரு நகரத்தின் பிரச்னையாக மட்டும் தடகளத் தரப்பினர் பார்ப்பதில்லை.

கால்பந்து வந்த கதை

ஜேஎஸ்டபிள்யூ குழுமத்தால் 2013-இல் தொடங்கப்பட்ட பெங்களூரு எஃப்சி, தனது முதல் பருவத்தை அசோக் நகரில் உள்ள பெங்களூரு கால்பந்து மைதானத்தில் ஆடியது. அந்த முதல் பருவத்திலேயே (2013-14) ஐ-லீக் பட்டத்தை வென்றது. ரசிகர் கூட்டம் பெருகிய நிலையில், 2014-15 பருவத்தில் கண்டீரவாவுக்கு இடம்பெயர்ந்தது. மேற்குப் பகுதி இருக்கைகளில் திரளும் 'வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்' என்ற ரசிகர் குழு, நாட்டின் பிற அணிகளின் ரசிகர்களுக்கும் முன்மாதிரியானது.

2016 அக்டோபர் 19 அன்று ஏஎஃப்சி கோப்பை அரையிறுதியின் இரண்டாம் சுற்றில், மலேசியாவின் ஜோகூர் தாருல் தாக்சிம் அணியை இதே மைதானத்தில் 3-1 என வீழ்த்திய பெங்களூரு எஃப்சி, அக்கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு முன்னேறிய முதல் இந்திய அணி என்ற பெருமையைப் பெற்றது.

தேசிய அணியும் இங்கு முக்கிய வெற்றிகளைக் கண்டுள்ளது. 2017 அக்டோபர் 11-இல் மக்காவ் அணியை 4-1 என வென்று, 2019 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது இங்குதான். 2023-இல் தெற்காசியக் கால்பந்து சாம்பியன்ஷிப் முழுவதும் கண்டீரவாவில் நடைபெற்றது. ஜூன் 21-இல் பாகிஸ்தானை 4-0 என வென்ற ஆட்டத்தில் சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். ஜூலை 4-இல் நடந்த இறுதி ஆட்டத்தில் குவைத்தை பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்று இந்தியா பட்டம் சூடியது.

தமிழக ரசிகர்களுக்கும் இந்த மைதானம் அந்நியமானதல்ல. 2018 மார்ச் 17-இல் நடந்த ஐஎஸ்எல் இறுதி ஆட்டத்தில், பெங்களூரு எஃப்சியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என வீழ்த்தி சென்னையின் எஃப்சி இரண்டாவது முறையாகப் பட்டம் வென்றது இங்குதான்.

ஒரே புல்தரை, இரு வேறு தேவைகள்

பூசலின் அடிப்படை மைதானத்தின் அமைப்பிலேயே உள்ளது. சர்வதேசத் தரத்திலான கால்பந்து ஆடுகளத்தின் அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 400 மீட்டர் ஓடுதளத்தின் நேர்ப்பாதை 84.39 மீட்டர், வளைவின் உள் ஆரம் 36.5 மீட்டர். இந்த அளவுகளின்படி கணக்கிட்டால், கால்பந்து ஆடுகளத்தின் நான்கு மூலைகளும் ஓடுதளத்தின் உள் விளிம்பிலிருந்து சுமார் 1 மீட்டர் தொலைவுக்கே வந்துவிடுகின்றன. மூலை உதை எடுக்க வரும் வீரர் பின்வாங்கி ஓடிவர வேண்டுமானால், ஓடுதளத்தின் மீது விரிப்பு போட்டாக வேண்டும். விளம்பரப் பலகைகள், ஒளிபரப்புக் கருவிகள், மாற்று வீரர்களின் இருக்கைகள் ஆகியவையும் ஓடுதளத்தின் மீதோ அதை ஒட்டியோதான் வைக்கப்பட வேண்டும்.

ஓட்டப் பந்தய வீரர்களுக்கு ஏற்படும் இடையூறு பெரும்பாலும் நேரம் சார்ந்தது. எறிதல் வீரர்களின் சிக்கல் அதைவிடக் கடுமையானது. ஆடவர் ஈட்டியின் எடை 800 கிராம்; வட்டு 2 கிலோ; சங்கிலிக் குண்டு 7.26 கிலோ. இவை மூன்றும் ஓடுதளத்தின் நடுவே உள்ள புல்தரையில்தான் வந்து விழும். ஈட்டியின் முனை தரையைக் குத்திக் கிளறும்; சங்கிலிக் குண்டு விழுந்த இடத்தில் பள்ளம் உண்டாகும். பந்து சீராக உருள வேண்டும், வீரர்களின் கணுக்கால் பிசகக் கூடாது என்று கருதும் கால்பந்துத் தரப்பு இதை ஏற்பது கடினம். எறிதல் வீரர்களோ வேறு எங்கும் எறிய முடியாது.

பருவகாலமும் முரண்படுகிறது. ஐஎஸ்எல் வழக்கமாகச் செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்கி மறு ஆண்டின் மார்ச், ஏப்ரல் வரை நீடிக்கும். கோடைகாலப் போட்டிகளுக்குத் தடகள வீரர்கள் உடலைத் தயார்செய்யும் அடித்தளப் பயிற்சிக் காலமும் ஏறத்தாழ அதே மாதங்கள்தான்.

பூசல் முற்றிய விதம்

2017-18 பருவத்தில் பெங்களூரு எஃப்சி ஐஎஸ்எல் தொடரில் இணைந்தது. ஆட்டங்களின் எண்ணிக்கை, தொலைக்காட்சி ஒளிபரப்பு ஏற்பாடுகள், பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் அனைத்தும் கூடின. ஆட்ட நாளில் மட்டுமன்றி, அதற்கு முன்னும் பின்னும் ஓடுதளத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்றும், புல்தரையில் ஈட்டி, வட்டு எறிந்து பயிற்சி பெற அனுமதி மறுக்கப்படுகிறது என்றும் தடகள வீரர்களும் பயிற்சியாளர்களும் புகார் கூறினர். தடகளத்துக்கான மைதானம் தனியார் அணி ஒன்றுக்கு விடப்பட்டிருப்பதாகக் கூறி அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். விவகாரம் கர்நாடக உயர் நீதிமன்றம் வரை சென்றது.

2019 மார்ச் 17-இல் மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் எஃப்சி கோவாவை 1-0 என வென்று பெங்களூரு எஃப்சி ஐஎஸ்எல் பட்டம் வென்றது. ஆனால், அடுத்த பருவம் நெருங்கியபோது கண்டீரவாவில் ஆட அனுமதி கிடைக்குமா என்பது உறுதியாகவில்லை. புணேயின் பாலேவாடி மைதானம் மாற்றிடமாகப் பேசப்பட்டது. இறுதியில் அனுமதி கிடைத்து, 2019 அக்டோபர் 21-இல் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணிக்கு எதிரான முதல் ஆட்டம் கண்டீரவாவிலேயே நடைபெற்றது.

கொரோனா பெருந்தொற்று காரணமாக 2020-21, 2021-22 ஆகிய இரு பருவங்களின் ஐஎஸ்எல் ஆட்டங்களும் கோவாவில் நடத்தப்பட்டதால், பூசல் தற்காலிகமாக அடங்கியது. 2022 அக்டோபரில் கால்பந்து மீண்டும் கண்டீரவாவுக்குத் திரும்பியது.

வெளியேற வேண்டும் என்போர் முன்வைக்கும் வாதங்கள்

முதலாவது, மைதானத்தின் நோக்கம். பொதுப் பணத்தில் கட்டப்பட்டுப் பராமரிக்கப்படும் ஓடுதளத்தில், கட்டணம் செலுத்தும் வசதியற்ற இளம் வீரர்களுக்கே முன்னுரிமை இருக்க வேண்டும் என்பது தடகளத் தரப்பின் நிலை. பெருநிறுவனத்தின் ஆதரவு பெற்ற அணியால் வேறு இடம் தேட முடியும். அரசுப் பள்ளி மாணவியால் முடியாது என்கின்றனர் அவர்கள்.

இரண்டாவது, பயிற்சியின் தன்மை. தடகளத்தில் பயிற்சி அட்டவணை தடைபட்டால் இழப்பை எளிதில் ஈடுசெய்ய முடியாது. வாரத்தில் இரண்டு நாள்கள் களம் மூடப்படுவதும், எந்த நாளில் மூடப்படும் என்பது கடைசி நேரத்தில் தெரியவருவதும் பயிற்சியாளர்களின் திட்டமிடலைக் குலைக்கின்றன.

மூன்றாவது, ரசிகர்களின் பார்வை. ஓடுதளம் உள்ள மைதானத்தில் பார்வையாளர் இருக்கைக்கும் ஆடுகளத்துக்கும் இடையே தொலைவு அதிகம். கோல் கம்பங்களுக்குப் பின்னால் அமர்வோருக்கு எதிர்முனையில் நடப்பது தெளிவாகத் தெரியாது. கால்பந்துக்கென்றே கட்டப்பட்ட மைதானம் அமைவது அணிக்கும் நல்லதே என்று கால்பந்து ஆர்வலர்களிலேயே ஒரு சாரார் கருதுகின்றனர்.

தொடர வேண்டும் என்போர் முன்வைக்கும் வாதங்கள்

லீக் ஆட்டங்களுக்கு மைதானம் தேவைப்படும் நாள்கள் மிகக் குறைவு என்பது எதிர்வாதம். 13 அணிகள் பங்கேற்ற 2024-25 ஐஎஸ்எல் தொடரில், ஒவ்வோர் அணியும் சொந்த மைதானத்தில் ஆடிய லீக் ஆட்டங்கள் 12 மட்டுமே. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னேற்பாடு, ஆட்டம், அப்புறப்படுத்துதல் என மூன்று நாள்கள் எனக் கொண்டாலும் மொத்தம் 36 நாள்களே ஆகும். ஆண்டின் எஞ்சிய நாள்களில் மைதானத்தைத் தடகளத்துக்குத் தர முடியாமல் போவதற்குக் காரணம் அட்டவணைக் குறைபாடுதான் என்பது இத்தரப்பின் வாதம்.

கால்பந்து ஆட்டங்களால் அரசுக்கு வாடகை வருவாய் கிடைக்கிறது. மின்விளக்குகள், புல்தரை, உடை மாற்றும் அறைகள் சர்வதேசத் தரத்தில் பராமரிக்கப்படுகின்றன. மெட்ரோ ரயிலில் வந்திறங்கும் தொலைவில் மைதானம் இருப்பதால் குடும்பங்களும் மாணவர்களும் எளிதாக வருகின்றனர் என்பன பிற வாதங்கள். நகருக்கு வெளியே இடம்பெயர்ந்தால் ரசிகர் கூட்டம் கரைந்துவிடும் என்ற அச்சமும் உண்டு.

மாற்றிடம் உண்டா?

அசோக் நகரில் உள்ள பெங்களூரு கால்பந்து மைதானம் கர்நாடக மாநிலக் கால்பந்து சங்கத்தின் வசம் உள்ளது. செயற்கைப் புல்தரை கொண்ட அந்த மைதானத்தில் பத்தாயிரம் பேர்கூட அமர முடியாது. உள்ளூர் லீக் ஆட்டங்களின் நெரிசலும் அங்கு அதிகம்.

புதிய மைதானம் கட்டுவதற்கு நிலமும் பெரும் முதலீடும் தேவை. இந்தியக் கால்பந்தின் அண்மைய நிதிநிலை அதற்குச் சாதகமாக இல்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திவந்த நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத நிலையில், 2025-26 ஐஎஸ்எல் பருவம் உரிய காலத்தில் தொடங்கவில்லை. 2025 ஆகஸ்டில் முதன்மை அணியின் வீரர்கள், ஊழியர்களின் ஊதியத்தை நிறுத்திவைப்பதாக பெங்களூரு எஃப்சி அறிவிக்க நேர்ந்தது. அடுத்த பருவமே உறுதியற்றதாக இருக்கும்போது, பல ஆண்டுகளில் பலன் தரும் மைதானத் திட்டத்தில் எந்த அணியும் எளிதில் இறங்காது.

இந்தியாவின் முன்னுதாரணங்கள்

பகிரப்பட்ட மைதானத்தை விட்டு ஒரு விளையாட்டு விலகுவது இந்தியாவுக்குப் புதிதல்ல. கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ், கிரிக்கெட்டுக்குப் புகழ்பெற்றதாயினும் ஒருகாலத்தில் பெரிய கால்பந்து ஆட்டங்களுக்கும் களமாக இருந்தது. 1977 செப்டம்பரில் பெலே இடம்பெற்ற நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் மோகன் பகான் 2-2 எனச் சமன்செய்தது அங்குதான். 1980 ஆகஸ்ட் 16-இல் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். 1984-இல் சால்ட் லேக் மைதானம் திறக்கப்பட்ட பின், பெரிய கால்பந்து ஆட்டங்கள் அங்கு இடம்பெயர்ந்தன. 1997 ஜூலை 13-இல் அங்கு நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை 1.31 லட்சம் பேர் கண்டுகளித்ததாகப் பதிவாகியுள்ளது. மாற்றிடத்தை அரசு முன்கூட்டியே உருவாக்கியதால், கால்பந்து இடம்பெயர்ந்தும் தளராமல் வளர்ந்தது.

கொச்சியில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 2017-இல் 17 வயதுக்கு உள்பட்டோர் உலகக் கோப்பைக்காக ஜவாஹர்லால் நேரு மைதானத்தின் புல்தரை சீரமைக்கப்பட்டது. 2018-இல் இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டத்தை அங்கு நடத்த முயற்சி நடந்தபோது, கிரிக்கெட் ஆடுதளம் அமைத்தால் புல்தரை பாழாகும் எனக் கால்பந்து ரசிகர்கள் எதிர்த்தனர். சச்சின் டெண்டுல்கரும் அவர்களுக்கு ஆதரவாகக் குரல்கொடுத்தார். முடிவில் 2018 நவம்பர் 1-இல் அந்த ஆட்டம் திருவனந்தபுரத்தில் நடைபெற்றது. அங்கே விலகியது கிரிக்கெட். திருவனந்தபுரத்தில் தயார்நிலையில் மற்றொரு மைதானம் இருந்ததே இணக்கமான முடிவுக்கு வழிவகுத்தது.

சென்னையின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. இன்றைய ஜவாஹர்லால் நேரு மைதானம் உள்ள இடத்தில் முன்பிருந்த மாநகராட்சி மைதானத்தில் 1956 முதல் 1965 வரை டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டங்கள் நடைபெற்றன. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் 1956-இல் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள் குவித்தது அங்குதான். பின்னர் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பியது. 1990-களில் புதிதாகக் கட்டப்பட்ட நேரு மைதானத்தை இன்று சென்னையின் எஃப்சியும் தடகள வீரர்களும் பகிர்ந்துகொள்கின்றனர். 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டி அங்கு நடைபெற்றது.

மிலானும் லண்டனும்

வெளிநாடுகளில் இத்தகைய விவாதத்தின் உச்சம் இத்தாலியின் மிலான் நகரில் நடந்தது. 1926-இல் திறக்கப்பட்ட சான் சீரோ மைதானத்தை, ஏசி மிலான், இன்டர் மிலான் ஆகிய இரு அணிகளும் 1947 முதல் பகிர்ந்து வருகின்றன. மைதானத்தின் உரிமையாளராக மாநகராட்சி இருந்ததால், புதிய வருவாய் வழிகளை உருவாக்க முடியவில்லை என அணிகள் கூறின. பாரம்பரியச் சின்னத்தை இடிக்கக் கூடாது என எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். பல ஆண்டு இழுபறிக்குப் பின், 2025 செப்டம்பர் இறுதியில் மாநகர மன்றம் 24-20 என்ற வாக்குக் கணக்கில் மைதானத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் 197 மில்லியன் யூரோவுக்கு இரு அணிகளுக்கும் விற்க ஒப்புதல் அளித்தது. பழைய மைதானத்தின் பெரும்பகுதியை அகற்றி, அருகிலேயே இரு அணிகளுக்கும் பொதுவான புதிய மைதானம் கட்டுவது திட்டம். ஆக, அணிகள் பழைய கட்டடத்தைக் கைவிட்டாலும் பகிர்வைக் கைவிடவில்லை.

கண்டீரவாவுக்கு நெருங்கிய ஒப்பீடு லண்டன்தான். 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட மைதானத்துக்கு 2016-இல் இடம்பெயர்ந்த வெஸ்ட் ஹாம் யுனைடெட், தடகளத்துடன் அதைப் பகிர்கிறது. குளிர்காலத்தில் கால்பந்து, ஜூன் இறுதி முதல் ஜூலை வரை தடகளம் என ஒப்பந்தத்திலேயே காலம் பிரிக்கப்பட்டுள்ளது. கீழ்த்தள இருக்கைகள் தடகளப் போட்டிகளுக்காகப் பின்னகர்த்தப்படுகின்றன. இந்த மாற்றத்துக்கே ஆண்டுதோறும் பல மில்லியன் பவுண்டு செலவாகிறது. அச்சுமை பொது நிதியின் மீது விழுவது தொடர்ந்து விமர்சிக்கப்படுகிறது. எனினும், யாருக்கு எப்போது களம் என்பதில் அங்கு ஐயமில்லை.

ஈட்டி பறந்த புல்தரை

2025 ஜூலை 5-இல் கண்டீரவாவில் நடந்த ஒரு நிகழ்வு இந்த விவாதத்துக்குப் புதிய கோணத்தைச் சேர்த்தது. ஒலிம்பிக் சாம்பியன் நீரஜ் சோப்ராவின் பெயரிலான 'நீரஜ் சோப்ரா கிளாசிக்' சர்வதேச ஈட்டி எறிதல் போட்டி அங்கு நடைபெற்றது. நீரஜ் 86.18 மீட்டர் தொலைவுக்கு எறிந்து முதலிடம் பெற்றார். கென்யாவின் ஜூலியஸ் யேகோ இரண்டாமிடமும், இலங்கையின் ருமேஷ் பதிரகே மூன்றாமிடமும் பெற்றனர்.

இப்போட்டியை நடத்தியதில் ஜேஎஸ்டபிள்யூ ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு இருந்தது. பெங்களூரு எஃப்சியின் உரிமையும் இதே குழுமத்திடம்தான் உள்ளது. ஈட்டி பட்டால் கெட்டுவிடும் எனக் காக்கப்பட்ட புல்தரையில், உலகின் முன்னணி வீரர்கள் ஈட்டி எறிய முடிந்தது. திட்டமிட்டுத் தயாரித்தால், பின்னர் முறையாகச் சீரமைத்தால், இரு விளையாட்டுகளும் ஒரே தரையில் நடக்க முடியும் என்பதை அந்த நாள் காட்டியது. அதே வாய்ப்பு, நட்சத்திர வீரரின் போட்டிக்கு மட்டுமன்றி, அன்றாடம் பயிற்சிக்கு வரும் பதினாறு வயது மாணவருக்கும் கிடைக்குமா என்பதே தடகளத் தரப்பின் கேள்வி.

எஞ்சியிருக்கும் முடிவுகள்

இந்த முன்னுதாரணங்கள் அனைத்திலும் பொதுவாகக் காணப்படுவது ஒன்று உண்டு. மாற்றிடம் தயாரான பிறகு நடந்த இடப்பெயர்வுகள் வெற்றி பெற்றன. இடம்பெயராத நிலையில், எழுத்துபூர்வமான காலப் பிரிவினை ஓரளவு அமைதியைத் தந்தது. இவ்விரண்டும் இல்லாத இடங்களில், ஒவ்வொரு பருவமும் அனுமதிக்கான போராட்டமாகவே தொடங்குகிறது.

கண்டீரவாவைப் பொறுத்தவரை தீர்மானிக்கப்பட வேண்டியவை சில. ஆட்ட நாள்களுக்காக ஓடுதளம் எத்தனை நாள்கள் மூடப்படும் என்பதற்கு உச்சவரம்பு வேண்டும். பருவம் தொடங்கும் முன்பே அந்நாள்கள் தடகளப் பயிற்சியாளர்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். எறிதல் வீரர்களுக்கு நகரின் எல்லைக்குள் தனிப் பயிற்சிக் களம் ஒதுக்கப்பட வேண்டும். ஓடுதளத்தின் மீது போடப்படும் விரிப்பு, வைக்கப்படும் பாரங்கள் ஆகியவற்றால் ஏற்படும் தேய்மானத்துக்கு யார் பொறுப்பு என்பதும், கால்பந்து வாடகையில் ஒரு பங்கு ஓடுதளப் பராமரிப்புக்குச் செல்லுமா என்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

இவற்றுக்கு விடை காண வேண்டிய பொறுப்பு, மைதானத்தின் உரிமையாளரான மாநில அரசுக்கே உள்ளது. பெங்களூரு எஃப்சி நாளையே வெளியேறினாலும், எறிதல் களமும் சீரான ஓடுதளமும் தாமாக உருவாகிவிடப் போவதில்லை. அந்த அணி தொடர்ந்து தங்கினாலும், தற்போதைய ஏற்பாடு மாறாவிட்டால், அடுத்த பருவத்தில் இதே பூசல் மீண்டும் தலைதூக்கும்.